மழைக்கு வழிவிடும் முற்றம்



33 ஆண்டுகள் வகுப்பறையில் பிறர் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி வந்தவன் நான். இன்று என் பிழை ஒன்றையே பாடமாக உங்கள் முன் வைக்கிறேன். பிறர் பிழையினின்று கற்பவன் அறிவுடையவன். அவ்வகையில் உங்களுக்கு இப்பதினைந்து நிமிடம் வீணாகாது என்று நம்புகிறேன்.

நான் பணியிலிருந்து ஓய்வு பெற்றது 2014ஆம் ஆண்டு. என் வீடு தாம்பரத்தை அடுத்த ஒரு புறநகரில் இருக்கிறது. வெளிவாயில் தொடங்கி வீட்டுத் திண்ணைவரை 10 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமுமாக ஒரு மண் முற்றம் இருந்தது. மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் புழுதி. ஓய்வூதியப் பணம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அம்முற்றம் முழுவதும் சிமெண்டுத் தளம் போட்டேன். நீர் தேங்கக் கூடாதென்று தெருவை நோக்கிச் சாய்வும் வைத்தேன். பளபளவென்று இருந்தது. வந்தவரெல்லாம் பாராட்டினர்.

அவ்வாண்டு ஐப்பசியில் ஒரு நாள் மாலை, ஒரு மணி நேரம் நல்ல மழை. மறுநாள் காலை, எதிர்வீட்டு அம்மையார் என் வாயிலில் வந்து நின்றார். அவர் வீடு தெருவைவிடச் சற்றுத் தாழ்ந்தது. "ஐயா, உங்கள் வாசலில் விழுகிற மழை இதற்கு முன் என் வீட்டுக்கு வந்ததில்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் விடை சொல்ல இயலாமல் நின்றேன். என் வீட்டில் சேறு இல்லாமற் செய்து, அதனை அவர் அடுப்பங்கரைக்கு அனுப்பிவிட்டேன் அன்றோ?

மறு ஆண்டு, 2015 டிசம்பர் மாதத் தொடக்கத்தில், தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அன்று எல்லார் வீட்டிலும் வெள்ளம். அத்தகைய பெருமழைக்கு என் முற்றத்தைக் குறை கூறுவது நேர்மையாகாது. ஆனால் முந்திய ஆண்டின் ஒரு மணி மழைக்கு நானே பொறுப்பு. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வற்றின. சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்தது. என் கிணற்றிலும் அடித்தரை தெரிந்தது. வந்த மழையைத் தெருவுக்குத் துரத்திய நான், லாரித் தண்ணீருக்காகக் குடத்துடன் காத்து நின்றேன்.

அப்போது என் பழைய மாணவர் ஒருவர், இன்று கட்டடப் பொறியாளர், என்னைக் காண வந்தார். என் கதையைக் கேட்டுச் சிரித்தார். "ஐயா, நீர் உள்ளே இறங்கும் கான்கிரீட் ஒன்று உண்டு; நம் முற்றத்துக்கு அது போதும்" என்றார். ஆசிரியர் மாணவரானார், மாணவர் ஆசிரியரானார். அவரிடம் நான் கற்றதையே இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த விதி. ஆகவே கார்த்திகைப் பொரி உருண்டையை நினைத்துக் கொள்ளுங்கள். பொரியின் மேல் வெல்லப்பாகு மெல்லிய பூச்சாகப் படிகிறது. ஒரு பொரி மற்றொன்றை ஒட்டிக் கொள்கிறது. இடையே உள்ள வெற்றிடம் அப்படியே நிற்கிறது. நீர் புகும் கான்கிரீட்டும் இத்தகையதே. சாதாரணக் கான்கிரீட்டில் ஜல்லிகளின் இடைவெளியை மணல் அடைத்துவிடுகிறது. இதிலோ மணல் இல்லை, அல்லது மிகச் சிறிதளவே உண்டு. ஏறத்தாழ ஒரே அளவான சிறு ஜல்லியைச் சிமெண்டுக் குழம்பு பூசி ஒட்ட வைக்கிறார்கள். இறுகிய பின் அதன் பருமனில் பெரும்பாலும் 15 முதல் 25 விழுக்காடு வெற்றிடமாக இருக்கும். அவ்வெற்றிடங்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் நீர் இறங்க வழி கிடைக்கிறது.

இது நேற்றுத் தோன்றிய புதுமையன்று. 1852ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் மணலில்லாக் கான்கிரீட்டால் வீடு கட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டில் பல வீடுகளின் சுவர்களுக்கு இது பயன்பட்டது. மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் தளமாக இதனை 1970களில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வளர்த்தெடுத்தனர்.

இனிச் சிறு கணக்கு. என் முற்றம் 30 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் நீர். ஆகவே 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் என் முற்றத்தில் மட்டும் 3000 லிட்டர் விழும். சிமெண்டுத் தளம் போட்டபோது அதில் பெரும்பகுதி தெருவுக்கு ஓடியது. இப்போது மேலே 15 சென்டிமீட்டர் கனத்தில் நீர் புகும் கான்கிரீட். அதன் கீழே 20 சென்டிமீட்டர் கனத்தில் கழுவிய பெருஜல்லிப் படுகை. கான்கிரீட்டின் வெற்றிடம் 20 விழுக்காடு என்றால் 3 சென்டிமீட்டர் நீரைக் கொள்ளும். படுகையின் வெற்றிடம் 40 விழுக்காடு. அது 8 சென்டிமீட்டர் நீரைக் கொள்ளும். ஆக, அடியிலுள்ள மண் ஒரு துளியும் உறிஞ்சாவிட்டாலும், 11 சென்டிமீட்டர் மழை முற்றத்துக்குள்ளேயே தங்கும். தங்கிய நீரை மண் தன் வேகத்தில் மெல்லப் பருகும். முற்றம் தளமாகவும் இருக்கிறது, தொட்டியாகவும் இருக்கிறது.

சொல்வது எளிது, செய்வதில்தான் நுட்பம். பாகு பதம் தவறினால் உருண்டை என்னாகும்? இளகினால் அடியில் வடியும், முறுகினால் உதிரும். எங்கள் கொத்தனார் கைப்பழக்கத்தால் முதற் கலவையில் நீரைக் கூட்டிவிட்டார். சிமெண்டுக் குழம்பு கீழே வடிந்து அடியை அடைத்துக் கொண்டது. மேலே பார்த்தால் துளைகள். ஒரு வாளி நீரை ஊற்றினால் குளம். அப்பகுதியை உடைத்தெடுத்து மறுபடியும் போட்டோம். இரண்டாம் முறை, கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதம் பார்த்தோம். நீர் குறைவாதலால் இக்கலவை விரைவில் உலர்ந்துவிடும். ஆகவே போட்டவுடன் பாலித்தீன் தாளால் மூடி ஏழு நாள் ஈரம் காத்தோம். எட்டாம் நாள் ஒரு வாளி நீரை ஊற்றினேன். ஊற்றிய இடத்திலேயே அது மறைந்தது. எதிர்வீட்டு அம்மையாரும் வந்து ஒரு குடம் ஊற்றிப் பார்த்துவிட்டுச் சென்றார்.

ஒரு பொருளின் குறையைச் சொல்லாமல் குணத்தை மட்டும் சொல்வது பாடமாகாது. இக்கான்கிரீட் சாதாரணக் கான்கிரீட்டைப்போல வலிமையுடையதன்று. மகிழுந்து நிற்கலாம், பாரம் ஏற்றிய லாரி வந்து போகும் இடத்துக்கு ஏற்றதன்று. உள்ளே நீர் உலவுவதால் கம்பி வைத்தால் துருப்பிடிக்கும். களிமண் நிலத்தில் நீர் இறங்கத் தாமதமாகும். அங்கே மிகுதி நீரை வெளியேற்ற ஒரு குழாய் வேண்டும். சென்னையில் கடற்கரையை ஒட்டி மணற்பாங்கான நிலமும், உள்ளே பல இடங்களில் களிமண்ணும் இருப்பதால், குழி தோண்டி நீர் ஊற்றிப் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

இதற்குப் பெரும்பகை புழுதி. பக்கத்து மனையில் வீடு கட்டியபோது எங்கள் வாயிலருகே மணல் கொட்டினார்கள். சில வாரங்களில் அப்பகுதி அடைத்துக் கொண்டது. தூசி உறிஞ்சும் கருவியால் உறிஞ்சிய பின்னரே வழி திறந்தது. வேப்பிலைச் சருகை நாள்தோறும் கூட்டுகிறேன். சோம்பேறிக்கு இம்முற்றம் ஆகாது. மேலும், துளைத் தளத்தில் கோலமாவு நிற்காது. நின்றாலும் துளையை அடைக்கும். ஆதலால் என் மனைவியாரின் ஆணைப்படி, வாயிற்படியருகே ஒரு சிறு சதுரம் மட்டும் வழவழப்பான சிமெண்டாகவே இருக்கிறது. அவ்வளவு விட்டுக்கொடுப்பது தகும்.

இதனால் என் கிணறு நிறைந்ததா என்று கேட்பீர்கள். ஒரு முற்றத்தால் நிலத்தடி நீர் உயர்ந்தது என்று நான் சொன்னால் அது பொய். நிலத்தடி நீர் ஊருக்குப் பொது. ஊரே இறக்கினால்தான் ஊர்க்கிணறு ஊறும். 2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. அதன்படி நம் கூரைநீருக்குக் குழி தோண்டினோம், முற்றத்தை மறந்தோம். 49 சென்டிமீட்டர் மழையை எந்த முற்றமும் தாங்காது. அதற்கு ஏரியும் சதுப்பு நிலமும் கால்வாயும் பழுதின்றி இருக்க வேண்டும். ஆனால் ஆண்டுதோறும் வரும் பல சிறு மழைகளை நம் வாயிலுக்குள்ளேயே வைத்துக்கொள்ள நம்மால் இயலும்.

மாணவர்களே, நாளை காலை உங்கள் வீட்டு வாயிலில் ஒரு குவளை நீரை ஊற்றிப் பாருங்கள். அது இறங்குகிறதா, ஓடுகிறதா? ஓடுகிறதென்றால் அதன் பின்னேயே செல்லுங்கள். அது யார் வீட்டு வாயிலில் போய் நிற்கிறது என்று பார்த்து வாருங்கள். எனக்கு அதைப் பார்க்க அறுபது வயது ஆயிற்று. நீங்கள் இப்போதே பார்த்துவிடலாம்.