கடற்கரையில் ஓர் எழுத்தாளர் இல்லம்

(மயிலாடியில் எழுத்தாளர்களும் வாசகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



உளிச் சத்தம் ஓயாத ஊரில் நின்று பேசுகிறோம். மயிலாடிக் கல்தச்சருக்குப் பட்டறை உண்டு. எழுதுகிறவனுக்குப் பட்டறை எங்கே? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

பூதப்பாண்டியில் 1907-ல் பிறந்த தோழர் ஜீவா 1959-ல் ‘தாமரை’யைத் தொடங்கினார்; 1961-ல் கலை இலக்கியப் பெருமன்றத்தை அமைத்தார். அவர் வழியில் வந்த பொன்னீலன் கல்வித் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதினார். ‘புதிய தரிசனங்கள்’ நாவலுக்கு 1994-ல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்துகொண்டே கடலோர மக்களை எழுதினார். 1997-ல் அவருக்கும் அப்பரிசு. இவர்கள் வென்றார்கள். பிழைப்பின் பாரம் தாங்காமல் பேனாவைக் கீழே வைத்தவர்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

எழுத்தாளனுக்குக் கடற்கரையில் அறை கேட்பது பணக்கார ஆசை என்று சிலர் சொல்லலாம். அவர்களுக்கு ஓர் உதாரணம் காட்டுவோம். கிரிமியாவில், கருங்கடல் ஓரத்தில், கொக்தெபெல் என்றோர் ஊர். கவிஞர் மாக்ஸிமிலியன் வொலோஷின் அங்கே தமது வீட்டை எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் திறந்துவிட்டார். 1920-களில் கோடைதோறும் ஏராளமானோர் வாடகையின்றித் தங்கினார்கள். 1932-ல் அவர் காலமானார். அவ்விடம் எழுத்தாளர் சங்கத்தின் இல்லமாயிற்று. பின்னர் யால்டா முதலிய கடற்கரைகளிலும் இத்தகைய இல்லங்கள் எழுந்தன. எழுத்தாளனுக்கு இடமும் பொழுதும் கொடுப்பது சமுதாயத்தின் பொறுப்பு என்று ஒரு நாடு ஒப்புக்கொண்டது சிறிய காரியமல்ல.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1946-ல் அன்னா அக்மதோவாவையும் மிகயீல் ஜோஷ்சென்கோவையும் அதே சங்கம் வெளியேற்றியது. சங்கம் கைவிட்டபோது, அது தந்த சலுகைகளும் போயின. சாவி ஒரே கையில் இருந்தால், அந்தக் கைக்குப் பிடிக்காத எழுத்துக்கு அறை கிடைக்காது. நம் தரப்பில் நடந்த தவறு இது. நாமே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

நம் நாட்டிலும் 2008-ல் புதுச்சேரி அருகே ‘சங்கம் ஹவுஸ்’ என்ற எழுத்தாளர் தங்கல் தொடங்கிற்று. பின்னர் அது பெங்களூர்ப் பக்கம் சென்றது. நல்ல முயற்சிதான். ஆனால் நம் மாவட்டத்து முந்திரி ஆலையில் பருப்பு உரிக்கும் ஒரு சகோதரி கதை எழுதுகிறாள் என்று வையுங்கள். ஒரு மாதம் அறையும் சோறும் இலவசம் என்று கடிதம் வந்தால் அவள் போக முடியுமா? அந்த மாதக் கூலிக்கு யார் பொறுப்பு? பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுவது யார்?

ஆகவே நாம் கேட்பது மூன்று. முதலாவது, தங்குகிறவர் இழக்கும் கூலியை இல்லமே தர வேண்டும். பிள்ளையோடு வரும் தாய்க்கும் இடம் வேண்டும். இரண்டாவது, சாவி தனி மனிதரிடமோ, சர்க்காரிடமோ, ஒரு கட்சியிடமோ இருக்கக் கூடாது. நம் கட்சியும் இதற்கு விலக்கல்ல. எழுத்தாளரும் வாசகரும் மீனவரும் சேர்ந்த கூட்டுறவிடம் இருக்கட்டும். 1945-ல் கோட்டயத்தில் 12 எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதலோடு கூட்டுறவுப் பதிப்பகம் தொடங்கி, எழுத்தாளருக்கு 30 சதவீதம் ராயல்டி தந்து காட்டினார்கள். மூன்றாவது, தங்குகிறவர் கரையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போகக் கூடாது. 2017 ஒக்கிப் புயலில் ஆண்களைக் கடலுக்குப் பறிகொடுத்த வீடுகள் இக்கரையில் உண்டு. என்ன எழுதுவது என்பது அவர் உரிமை. எழுதியதை முதலில் அந்த ஊர் மக்களுக்கு வாசித்துக் காட்டுவது அவர் கடமை.

மாளிகை வேண்டாம், தோழர்களே! ஓர் அறை, ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒருவருக்கு ஒரு மாதக் கூலி. இவ்வளவோடு தொடங்குவோம். நிதி திரட்டும் உண்டியல் இக்கூட்டத்திலிருந்தே புறப்படட்டும்!