வாடகை வீட்டின் நிகர வருவாய்

பணிக்கொடையைக் கொண்டு வாடகை வீடு வாங்கும் ஓய்வூதியர், மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி அதையே வருவாய் எனக் கொள்கிறார். மும்பையில் ஓர் ஆடவர் 50 இலட்ச ரூபாய்க்கு வீடு வாங்கி, 12,500 ரூபாய் வாடகைக்கு விடுவதாகக் கொள்வோம். கணக்கு 3 விழுக்காடு காட்டும். ஆனால் முத்திரைத் தீர்வை 6 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 30,000 ரூபாயும் சேர்ந்து, இருபத்தாறு மாத வாடகையை முதலிலேயே விழுங்கிவிடுகின்றன. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாயிருந்து, தரகருக்கு ஒரு மாத வாடகையும், வீட்டுவசதிச் சங்கத்திற்கு மாதந்தோறும் 2,000 ரூபாயும் சென்றால், எஞ்சுவது 1,01,000 ரூபாய். முடக்கிய 53,30,000 ரூபாய்க்கு இது 2 விழுக்காடுகூட இல்லை. சொத்து வரி இதில் சேரவில்லை. பழுதுபார்ப்பு முதலியவற்றுக்கு வருமான வரிச் சட்டம் ஆண்டு மதிப்பில் 30 விழுக்காடு கழிவு தருகிறது. கூரை ஒழுகும் ஆண்டில் செலவு அதனை மிஞ்சினாலும், கழிவு உயராது.