கிணற்றடியில் சொல்லப்பட்ட உண்மை
(வானொலி மறையுரை – தவக்காலம் மூன்றாம் ஞாயிறு)



இன்றைய நற்செய்தியில் சமாரியப் பெண் ஒருவர் நண்பகல் வெயிலில் தனியாகத் தண்ணீர் எடுக்க வருகிறார். கணவரை அழைத்து வரும்படி இயேசு சொன்னதும், தமக்குக் கணவர் இல்லை என்று சுருக்கமாக முடித்துக்கொள்கிறார். அது பொய்யல்ல, முழு உண்மையும் அல்ல. ஆண்டவர் அவரைக் கண்டிக்கவில்லை. அவர் சொன்னது சரியே என்று ஏற்றுக்கொண்டுதான், அவர் சொல்லாமல் விட்டதை எடுத்து அவர் முன் வைக்கிறார். யார் கண்ணிலும் படாமல் வந்தவர், குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் போய் எல்லாரையும் அழைக்கிறார். மறைத்தது வெளியே வந்தபோது அவர் அவமானப்படவில்லை, விடுதலை பெற்றார்.

உண்மை குணமாக்கும் என்பதை வேறொரு வழியில் மருத்துவ உலகமும் கண்டுகொண்டது. வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டு தொடங்கிய உளப்பகுப்பாய்வு நம் நாட்டுக்கும் விரைவிலேயே வந்தது. 1922இல் கல்கத்தாவில் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். பிராய்டு கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஆயினும் பாவசங்கீர்த்தனத்தோடு தம் முறையை ஒப்பிட்டு ஒரு கருத்தைச் சொன்னார். பாவசங்கீர்த்தனத்தில் மனிதர் தமக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். தம்மிடம் வருபவரோ அதற்கு மேலும் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார்.

நமக்கே தெரியாதது நமக்குள் எப்படி இருக்கும்? நெய்வேலிப் பகுதி மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நம் சுரங்கங்களில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவும் பகலும் இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், அது தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும். சொல்லப்படாத துயரமும் அப்படித்தான். தூக்கமின்மையாக, காரணம் புரியாத கோபமாக, குடியாக அது வெளியே வருகிறது.

அப்படியானால் ஆற்றுப்படுத்துநரின் அறையில் உண்மை என்பது எது? நீதிமன்றம் தேடுவது, என்ன நடந்தது, சாட்சி யார் என்பதை. ஆற்றுப்படுத்துநர் கேட்பது, அது உமக்குள் என்ன செய்தது என்பதை. அப்பா தன்மேல் பாசமே காட்டவில்லை என்கிறார் மகன். அந்த அப்பாவோ இரவு ஷிப்டு பார்த்து மகனைப் படிக்க வைத்தவர். இருவரும் பொய் சொல்லவில்லை. மகனின் வலியும் உண்மை; தந்தையின் உழைப்பும் உண்மை. தம் வலியை ஒருவர் கேட்டார் என்ற ஆறுதல் கிடைத்த பிறகுதான், அடுத்தவருடைய உண்மைக்கு நம் உள்ளத்தில் இடம் பிறக்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மனத்தின் உண்மை என்று சொல்லி, நடந்த உண்மையைத் தள்ளிவிடக் கூடாது. தம்மிடம் வந்தவர்களின் நோய்க்குச் சிறுவயதில் நேர்ந்த பாலியல் கொடுமையே காரணம் என்று பிராய்டு முதலில் கருதினார். 1897இல் அந்தக் கருத்தைக் கைவிட்டார்; பின்னர், அவற்றில் பல கற்பனை என்று எண்ணத் தலைப்பட்டார். அது சரியா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நமக்கோ இதில் தயக்கத்துக்கு இடமில்லை. ஒரு குழந்தை வந்து சொன்னால் கேட்க வேண்டும். 1098க்கோ காவல்துறைக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிந்தும் மறைப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். குடும்ப மானமோ, பங்கின் பெயரோ, குருவானவரின் பெயரோ குழந்தையைவிடப் பெரிதல்ல.

இன்னொன்றையும் தெளிவுபடுத்துவோம். மனச்சோர்வைப் பாவமாக எண்ணி அறிக்கையிட வருகிறவர்கள் உண்டு. நோய் பாவமல்ல, விசுவாசக் குறைவும் அல்ல. பாவத்துக்கு மன்னிப்பு உண்டு, நோய்க்குச் சிகிச்சை உண்டு. ஒன்று மற்றொன்றின் இடத்தை எடுத்துக்கொள்ளாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தமது 42ஆம் வயதில், அர்ஜென்டினாவில் யூதப் பெண் உளப்பகுப்பாய்வாளர் ஒருவரை வாரம் ஒருமுறை ஆறு மாதம் சந்தித்தார். தமக்குச் சில விஷயங்களில் தெளிவு தேவைப்பட்டது என்று 2017இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். திருத்தந்தைக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு? அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வைப்போம்.

இந்த வாரம் நாம் ஒரு தவம் செய்வோம். வீட்டில் யாராவது மனம் திறந்து பேசத் தொடங்கினால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஜெபம் பண்ணு, சரியாயிடும்" என்று வாயை அடைக்காதிருப்போம். செல்போனைக் கீழே வைத்துவிட்டு, முடியும்வரை கேட்போம். ஜெபம் அதற்குப் பிறகும் செய்யலாம். அப்போது இருவரும் சேர்ந்தே செய்யலாம்.

கிணற்றடியில் காத்திருந்த ஆண்டவரே, எங்கள் உள்ளத்தின் ஆழத்தை அறிந்தவரே, உண்மையைச் சொல்லும் துணிவையும் அதைக் கேட்கும் பொறுமையையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.