பெல்ட் மாத்தின பிறகு ஐடிலிங்ல வண்டி உதறுதா?

என்கிட்ட அடிக்கடி வர்ற கேள்வி: “டைமிங் பெல்ட் மாத்தினோம். கார் ஸ்டார்ட் ஆகுது, ஆனா ஐடிலிங்ல உதறுது, பிக்கப்பும் இல்ல. சென்சார் மாத்தலாமா?”

அவசரப்படாதீங்க, முதல்ல மார்க்கைப் பாருங்க. கிராங்க் 2 சுற்று சுற்றினா கேம் 1 சுற்று சுற்றும். பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலே வால்வு திறக்கிற நேரம் மாறிடும். கார்புரேட்டர் வெச்ச பழைய மாருதி 800ன்னா, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, ஐடில் ஸ்க்ரூவை ஏத்தி சமாளிச்சிடலாம். உதறல் குறையும், வால்வு டைமிங் தப்பாவேதான் இருக்கும்.

பேட்டரி வயரையும் ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடுற திசையில் கையால 2 முழுச் சுற்று சுற்றுங்க. கிராங்க் மார்க், கேம் மார்க் இரண்டும் அதனதன் இடத்துக்கு வரணும். நடுவுல இடிச்சா நிறுத்திடுங்க. பல இன்ஜின்கள்ல டைமிங் தப்பினா பிஸ்டன் இடிச்சு வால்வு வளைஞ்சிடும். அப்புறம் ஹெட்டையே கழற்றணும்.

மார்க் சரியா இருந்தா, வேலையில் கழன்ற வாக்குவம் ஹோஸ், சென்சார் கனெக்டர்களைப் பாருங்க.

அடுத்த தடவை பெல்ட் மாத்தும்போது, கவரை மூடுறதுக்கு முன்னாடி மார்க்கை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.