கல்விச் செலவும் தறிக் கடனும்

(கண்ணமங்கலத்தில் நடந்த நமது சங்கக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



கல்வியின் பெருமையை நீங்கள் பன்முறை கேட்டிருக்கின்றீர்கள். ஆதலின் அதனை விடுத்து, அதன் விலையைக் குறித்துச் சில வார்த்தைகள் விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

நம்மவரிற் பலர், பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதும், அண்டை வீட்டுப் பிள்ளை வண்டியேறித் தனியார் பள்ளிக்குச் செல்வதைக் கண்டு, தாமும் அவ்வாறே அனுப்பத் துணிகின்றனர். கட்டணத்துக்குப் பணம் ஏது? பட்டு முதலாளியிடம் முன்பணம் வாங்குகின்றனர். அது தீருமளவும் வேறிடத்துப் பாவை ஏற்க இயலாது; கூலி போதாதெனினும் வாய்திறக்க இயலாது. என் தகப்பனார் அவ்விதம் வாங்கிய தொகை, நான் படித்து முடித்துப் பல்லாண்டு சென்ற பின்னரே தீர்ந்தது. நான் அங்கே கற்றதில் பெரும்பகுதியை என் தம்பி அரசுப் பள்ளியில் இலவசமாய்க் கற்றான் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது.

இதனினும் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்கு, 2020-ஆம் ஆண்டில் மருத்துவப் படிப்பிலும், 2021-ஆம் ஆண்டில் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றிலும், நூற்றுக்கு 7.5 இடங்களை ஒதுக்கித் தமிழ்நாட்டரசு சட்டம் செய்தது. மருத்துவத்துக்கு நீட் தேர்வில் தேறவேண்டுவது மெய்யே. எனினும் அவ்விடம் பெற்றவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்றுக்கொண்டது. பெண்மக்கள் கல்லூரி சென்றால் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், ஆண்மக்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் ஏற்பட்டன. ஆறாம் வகுப்பிற் கடன்பட்டுப் பிள்ளையை வெளியேற்றுகிறவர் இவ்வுரிமையை இழக்கிறார். பொருள் பெற்று விற்பது உலக வழக்கம். பொருள் கொடுத்து விற்பதை இங்கேதான் காண்கிறேன்!

“அரசுப் பள்ளியில் ஆங்கிலம் வராதே” என்பர். அது முழுப் பொய்யன்று. அதற்காகவே கேட்கிறேன்: நமது சங்கக் கட்டடம் மாலைவேளையிற் பூட்டிக் கிடப்பானேன்? நம் பட்டதாரி இளைஞர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஆங்கிலமும் கணக்கும் போதிக்கலாகாதா? அடுத்த தெருப் பிள்ளைகளும் வரட்டும், தடையென்ன?

தறித்தொழிலையே நூலறிவோடு கற்க விரும்புவோர்க்கு, 1960-இல் தோன்றிய சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிலையத்தில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு உண்டு. கலை, விஞ்ஞானம் பயில்வோர்க்கு வேலூரிலும் திருவண்ணாமலையிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. இரண்டும் நம் பேருந்து வழியிலேயே இருக்கின்றன.

ஐந்தாம் வகுப்பிற் பிள்ளையுள்ளவர்கள், மாற்றுச் சான்றிதழ் வாங்குமுன், இக்கூட்டம் கலைந்ததும் காரியதரிசியையாவது என்னையாவது கண்டு பேசிச் செல்லும்படி வேண்டிக்கொள்கிறேன்.