வேனைப் பதித்தால் முன் கம்பியைக் கழற்றலாமா?

(புளியங்குளத்தில் நடந்த தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் பேசியது)



1977லும் 1983லும் கலவரத்துக்குப் பயந்து மலைநாட்டை விட்டு வந்து வன்னியில் குடியேறிய நம் சொந்தங்களைப் பார்க்க, ஆளுக்கொரு பங்கு போட்டு வேன் பிடித்து வந்திருக்கிறோம். கல்யாணமோ சாவோ, நமக்கு வேன்தான். ஆகவே அந்த வேனைப் பற்றியே நாலு வார்த்தை பேசுவோம்.

நம் பக்கம் இன்னும் ஓடுவது பழைய டொயோட்டா ஹையேஸ். 'டொல்பின்' என்கிறோமே, அதுதான். 1989ல் வந்த மாடல். நம்ம பையன்களுக்கு அதைப் பதித்து ஓட்டினால்தான் அழகு. முன் டோர்ஷன் பாரின் போல்ட்டைத் தளர்த்தினால் முன்பக்கம் இறங்கிவிடும். இறங்கினபிறகு குழியில் விழும்போதெல்லாம் 'டொக் டொக்' என்று சத்தம். கராஜ் பாஸிடம் போனால், "ஸ்டெபிலைசரைக் கழட்டிப் போடு தம்பி, சத்தமே வராது" என்கிறார். கழட்டுகிறார்கள். சத்தமும் போய்விடுகிறது!

அந்தக் கம்பிக்கு என்ன வேலை? முன் சில்லு இரண்டையும் குறுக்கே இணைக்கிற வில்லுக் கம்பி அது. இரண்டு சில்லும் ஒன்றாக மேலே ஏறினால் அது சும்மா புரளும். ஒரு சில்லு மட்டும் ஏறினால் முறுக்கிக்கொண்டு மற்றதையும் கூட இழுக்கும். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயப் பார்க்கும்போது இந்த முறுக்குத்தான் சாய்வைக் குறைக்கிறது.

இதிலே ஒரு சூது இருக்கிறது. கம்பி இல்லாத வேன் குழி விழுந்த நேர் ரோட்டில் உண்மையாகவே சொகுசாகப் போகும். ஒரு சில்லின் குலுக்கல் மற்றதுக்குப் போகாதல்லவா? ஓமந்தை தாண்டி, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஏ9 வீதி பெரும்பாலும் நேராகக் கிடக்கிறது. இங்கே ஓட்டிப் பார்த்தவன், "பாத்தியா, கம்பி இல்லாமலே நல்லாத்தானே போகுது" என்பான். நாங்கள் ஒருதரம் வந்த வேனிலும் அந்தக் கதைதான். வரும்போது தூங்கிக்கொண்டே வந்தோம். திரும்பும்போது மாத்தளை கழிந்து பலகடுவை வளைவில் வேன் சரிந்த சரிவில், பின் சீட்டு ஆச்சி முன் சீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டவர் கண்டி வரைக்கும் விடவில்லை. ஒருத்தருக்கும் அடி படவில்லை, அது நம்ம அதிர்ஷ்டம்.

"பதிச்ச வண்டி சாயாதுண்ணே" என்பார்கள். பாதிதான் உண்மை. பதித்த வேனில் சில்லு மேலே ஏற இடம் குறைவு. சாயும்போது ரப்பர்க் கட்டையில் சீக்கிரம் போய் முட்டும். முட்டினால் முன் சில்லு திடீரென்று விறைத்து ரோட்டுப் பிடி குறையும். உள்ளே பதினாலு பேர், கூரையில் மூட்டை என்றால் சொல்லவே வேண்டாம். வெளிநாட்டில் பழைய வொல்ஸ்வேகன் வேனைப் பதிக்கிறவர்களிலும் இந்தக் கம்பியைக் கழட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வெறும் வேனை ஓட்டுகிறவர்கள். நாம் பிள்ளைகுட்டியோடு இறம்பொடையும் கினிகத்தேனையும் ஏறி இறங்குகிறவர்கள்.

சத்தம் வந்தால் பெரும்பாலும் தேய்ந்த புஷ் ரப்பரும் லிங்க்கும்தான் காரணம். அதை மாற்றினால் போதும், பெரிய செலவில்லை. பதித்த வேனை பழைய உயரத்துக்குத் தூக்கி, சில்லு எலைன்மென்டும் பார்க்க வேண்டும். ஒரு பக்க லிங்க்கை மட்டும் கழட்டினாலும் கம்பி வேலை செய்யாது. "ஒண்ணுதானே கழட்டினேன்" என்பது கணக்கில் வராது.

நாளைக்கு ஏறுமுன் முன் பம்பருக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். கட்டைவிரல் தடிப்பில் குறுக்கே ஒரு கம்பி, இரண்டு முனையும் பூட்டியபடி இருக்க வேண்டும். இல்லையென்றால் டிரைவர் தம்பியிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். இங்கே வாங்கின அரிசி மூட்டைகளைக் கூரையிலிருந்து இறக்கி சீட்டுக்கடியில் போடச் சொல்லுங்கள். மாத்தளைக்கு மேலே மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.