பூனை கேட்ட கணக்கு



மனிதனைப் பற்றி மனிதனே எழுதிக்கொண்ட புகழ்ச்சிக்கு உலகில் பஞ்சமில்லை. ஒரு பூனையைக் கேட்டால் என்ன சொல்லும் என்று யோசித்தவர் ஜப்பானியரான நட்சுமே சோசெகி. டோக்கியோவில் ஆங்கில இலக்கியம் போதித்தவர். 1905, 1906-ம் வருஷங்களில் ஒரு பத்திரிகையில் "நான் ஒரு பூனை" என்று தொடர்ந்து எழுதினார். அந்தப் பூனைக்குப் பெயர்கூடக் கிடையாது. ஆனால் அது தன்னைச் சொல்லிக்கொள்ளுவதோ, நம் பெரிய மனிதர்கள் "யாம்" என்பார்களே, அப்படி ஒரு ஜம்பமான சொல்லால்! அதன் எஜமானனும் ஒரு இங்கிலீஷ் வாத்தியார்தான், வயிற்றுக் கோளாறுக்காரர், புஸ்தகத்தைத் திறந்ததும் தூங்கிவிடுகிறவர். ஆசிரியர் பரிகாசத்தைத் தம் வீட்டிலிருந்தே ஆரம்பித்தார் என்பது கவனிக்கத்தக்கது.

கனேடா என்ற பணக்கார வியாபாரியின் தோட்டத்துக்குள் பூனை நுழைகிறது. பிறர் நிலத்தில் நுழையலாமா என்றால், இந்தப் பூமியைச் செய்ய மனிதன் ஒரு கையாவது கொடுத்தானா என்று அது கேட்கிறது. தான் செய்யாத மண்ணுக்கு வேலி போட்டு விற்கலாமென்றால், ஆகாயத்துக்கும் வேலி போட்டுக் காற்றையும் அளந்து விற்கலாமே!

ஒரு ராத்திரி வீட்டில் திருடன் புகுகிறான். அவன் முகம் எஜமானனுக்கு வேண்டிய கங்கெட்சு என்ற வாலிபர் முகம் போலவே இருக்கிறது. பூனைக்கு உடனே கடவுள் விசாரணை வந்துவிடுகிறது. ஒரு முகம் போல் மறுமுகம் இல்லாததைக் காட்டி, இதுவே சர்வ வல்லமைக்கு ருஜு என்கிறார்களே. எல்லோரையும் ஒரே அச்சாகச் செய்ய நினைத்து முடியாமல் போனதாக ஏன் இருக்கக்கூடாது? அதே சாட்சி இரண்டு கட்சிக்கும் பேசுகிறது! எந்த மதத்துப் பண்டிதர் இதற்கு நேரான பதில் சொல்லுவார்?

இந்தக் கங்கெட்சுவுக்குத்தான் கனேடாவின் பெண்ணைக் கொடுக்கப் பேச்சு. டாக்டர் பட்டம் வாங்கினால் பெண், இல்லாவிட்டால் இல்லை. இந்தக் கேலி எழுத்தோடு நிற்கவில்லை. 1911-ல் அரசாங்கம் தந்த டாக்டர் பட்டத்தை சோசெகி வேண்டாமென்று மறுத்தார். 1984-ல் அவர் படத்தையே 1000 யென் நோட்டில் அச்சடித்தார்கள். கனேடாவைக் கேலி செய்தவர் கனேடாக்களின் பையிலேயே போய்ச் சேர்ந்தார்!

நமக்கு ஒரு குறை. இத்தனையும் கண்ட பூனையின் பேச்சு அந்த வீட்டில் ஒருவர் காதிலும் விழவில்லை. கடைசியில் மனிதர் மிச்சம் வைத்த பீரைக் குடித்து, தண்ணீர்ச் சாடியில் விழுந்து, பிறாண்டி ஓய்ந்து, அமிதா புத்தர் நாமத்தைச் சொல்லிச் சாகிறது. பக்தர்கள் இதைக் காட்டிச் சந்தோஷப்படுவதானால், புத்தர் வந்து தூக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்கட்டும்.